இருநூற்றுப் பதின்மூன்று ‘இல்லை’

கோட்டைமேடு, கோவை
1.2.2026, ஞாயிறு காலை

அன்பு மகள் மிஸ்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் மீதும் மாப்பிள்ளை மீதும் பேரன் ரைஹான் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் அத்தாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீங்கள் மூவரும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஐந்து வேளையும் என் துஆ. அத்தாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் நம் பெயின்ட் கடைக்குப் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன் தின்பதை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னாரே அதை நம்பாதே, துவைக்கப் போட்ட சட்டையின் பையில் துணுக்கு இருக்கிறது. மாமி மகள் யுஸ்ராவுக்குச் சத்தியமங்கலத்தில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, பையன் ரேஷன் கடை விற்பனையாளர், நல்ல குணமாம், நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். நீ வர முடியாது என்று தெரியும், ஒரு வார்த்தை போன் பண்ணி அவளை வாழ்த்திவிடு, அவள் எதிர்பார்க்கிறாள். உன் சிநேகிதி உஸ்மா பதினோராம் தேதி அங்கே கிளம்புகிறாள், மிளகாய்த்தூளும் கறி மசாலாவும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதோடுதான் வரும். போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் சமாதானம் சொல்வாய், நானும் அதை வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குடியரசு தினத்தன்று அத்தா குடும்ப குரூப்பில் போட்ட போட்டோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பொன்னாடையும் கேடயமுமாக நான் நிற்கிறேன், பின்னால் ‘போதையில்லாப் பள்ளி’ என்று பேனர் தொங்குகிறது. அதற்குக் கீழே நீ ‘எங்கம்மா’ என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன் என்று போனிலும் சொன்னாய். நான் பேசாமல் இருந்தேன், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாய். லைன் இருந்தது கண்ணு, எனக்குத்தான் வாய் வரவில்லை. நாலு மாதமாக நீ அந்தத் திட்டம் எப்படிப் போகிறது என்று கேட்கும்போதெல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவந்தேன். அது பொய். முதலிலிருந்து சொல்கிறேன், கடைசிவரை படி.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கேள்வித்தாளைத் தமிழாக்க எனக்கு உதவினாயே, ஆறு கேள்வி, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் கேட்பது, பழக்கத்தில் விழ ஆரம்பித்திருக்கிறவர்களை அடையாளம் கண்டு அடிக்காமல் திட்டாமல் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பேசி மீட்பது என்று ஒரு அறக்கட்டளைக்காரர்கள் கொண்டுவந்த திட்டம். பொறுப்பாசிரியையாக என்னைப் போட்டார்கள். போதைப்பொருள் என்று எழுதினால் ஒரு பிள்ளையும் ஆம் என்று போடாது, உதட்டுக்குள் வைக்கிற பொட்டலம், புகை, டாக்டர் எழுதித் தராத மாத்திரை என்று அவர்கள் பேச்சிலேயே எழுது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். மனநல வார்டில் நர்ஸாக இருக்கிறவள் சொல்கிறாயே என்று அப்படியே எழுதினேன். இன்னொன்றும் சொன்னாய், “பேரு வெளிய போகாதுன்னு உறுதியாத் தெரிஞ்சாக் கேளும்மா, இல்லாட்டிக் கேக்கவே கேக்காத” என்று. சரி சரி என்று தலையாட்டிவிட்டு உனக்குத் தேங்காய்ப்பால் சோறு வைக்க எழுந்து போனேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜூலையில் ஒவ்வொரு வகுப்பாகப் போனேன். தாளில் பேர் எழுத வேண்டாம், எண் மட்டும் போடுங்கள், எந்த எண் யார் என்று எழுதின நோட்டு என்னிடம் மட்டும்தான் இருக்கும், வேதியியல் ஆய்வகத்தில் அமில பாட்டில் வைக்கிற அலமாரியில் பூட்டி வைப்பேன், சாவி என் கைப்பையில், யாருக்கும் தண்டனை கிடையாது, வீட்டுக்குத் தகவல் போகாது என்று ஒன்பது வகுப்பிலும் நின்று என் வாயால் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் காரமடைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், அண்ணன் தங்கை என்று குடும்பம் குடும்பமாக என்னிடம் படித்தவர்கள், பானு மிஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். தாளைத் திருத்தினபோது ஒன்பது பேர் ஆம் போட்டிருந்தார்கள். ஏழு பேருக்கு அந்தப் புகையிலைப் பொட்டலம். இரண்டு பேருக்கு மாத்திரை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பிள்ளைகள் என்னை நம்பிச் சொல்லியிருக்கிறார்கள் என்று. அறக்கட்டளையிலிருந்து ஷ்ரவ்யா என்று ஒரு பெண் வியாழக்கிழமை தோறும் வந்தாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், மனநல ஆலோசகர் படிப்பு முடித்தவள், குரல் உயர்த்தவே மாட்டாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வகத்தில் ஒவ்வொருவராக வந்து அவளிடம் பேசிவிட்டுப் போனார்கள். மற்ற பிள்ளைகள் கேட்டால் பிராக்டிகல் நோட்டில் கையெழுத்து வாங்கப் போகிறோம் என்று சொல்லச் சொல்லியிருந்தோம்.

மாத்திரை என்று எழுதினவர்களில் ஒருத்தி சைத்ரா. பதினொன்றாம் வகுப்பு, எங்கள் பள்ளிக் கபடி அணியில் எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள், தலைமையாசிரியை அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோப்பைகளில் இரண்டு அவளால் வந்தது. ஆய்வகத்துக்குள் வரும்போதுகூட வாசற்படியைக் குனிந்து தொட்டுவிட்டுத்தான் வருவாள், ஆட்டத்தில் நடுக்கோட்டைத் தொடுகிற மாதிரி, அப்புறம் தானே சிரித்துக்கொள்வாள். அப்பா சுப்பண்ணன் கறிவேப்பிலைத் தோட்டங்களில் இலை அறுத்துக் கட்டுகிற வேலை, அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. பத்தாம் வகுப்பில் ஒரு மேட்சில் முழங்கால் திரும்பிவிட்டது. ஆட்டம் பாதியில் நிற்கக் கூடாது என்று யாரோ ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த மேட்சுக்கும் போட்டாள், அப்புறம் வலி இல்லாத நாளிலும் அது இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிற ஒரு ஆளிடம் வாங்க ஆரம்பித்திருக்கிறாள். இதையெல்லாம் அவளே ஷ்ரவ்யாவிடமும் என்னிடமும் சொன்னது. ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, “யாரும் கேக்கலீங் மிஸ், மொத மொத கேட்டது நீங்கதானுங்க” என்றாள்.

ஷ்ரவ்யா அவளை அரசு மருத்துவமனை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தாள். வீட்டில் சொல்ல வேண்டும் என்பதும் பேசி முடிவாகியிருந்தது, தீபாவளி விடுமுறையில் ஷ்ரவ்யாவும் நானுமாக வீட்டுக்கே போய் அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்வது என்று. சைத்ராவே அந்த நாளைக் குறித்தாள். அக்டோபர் முதல் வாரம் அவள் மாத்திரை தொட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மற்ற எட்டுப் பேரில் நாலு பேர் பொட்டலத்தை விட்டேவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் நான் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மைதான், அதற்குப் பிறகு சொன்னதுதான் பொய்.

அந்த வாரம் நகரத்தில் வேறொரு பள்ளியின் வாசலில் மாத்திரை விற்ற ஆளைப் போலீஸ் பிடித்தது, பள்ளியின் பேர் எல்லா சேனலிலும் வந்தது. எங்கள் தாளாளருக்கு அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. அவர் மோசமான மனிதர் இல்லை, அவர் அப்பா ஊரில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தன் நிலத்தில் கட்டினது அது, அந்தப் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற பயம். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியை ராமாமணி என்னைக் கூப்பிட்டார். உனக்குத் தெரியும், இருபது வருஷமாக மேட்டுப்பாளையம் ரயிலில் ஒன்றாகப் போய்வருகிறவர்கள் நாங்கள், உன் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து நின்றவர். “பானு, அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க, தாளாளர் பாக்கோணும்ங்கறாரு, நடவடிக்கையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா நம்ம மேல பழி வராது பாருங்க” என்றார். நான் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அதற்கு அவர், “உங்களுக்கு இந்த மே மாசத்தோட முடியுதுங்க, பென்ஷன் பேப்பர் போற நேரத்துல எதுக்குங்க தாளாளர்கூடப் பிரச்சினை” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னார்.

இந்த இடத்தில் நான் ரொம்ப யோசித்தேன், போராடினேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை மிஸ்பா. ஆய்வகத்துக்குப் போனேன், கைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன், அலமாரியைத் திறந்தேன், நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கொடுத்துவிட்டு நாலாவது பீரியடுக்குப் போய்க் கரும்பலகையில் சமன்பாடு எழுதினேன், ஒரு எண்கூடத் தப்பவில்லை. இன்றைக்கும் என்னை அரிக்கிறது அதுதான்.

வியாழக்கிழமை ஒன்பது பேரின் பெற்றோரையும் ஒரே நேரத்தில் ஹாலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆலோசனைக்கு வருகிற நாள் என்று நினைத்து வந்த ஷ்ரவ்யா வாசலிலேயே நின்று உள்ளே நடப்பதைப் பார்த்தாள். தாளாளர் ஒவ்வொரு பேராகப் படித்தார், பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். பொட்டலக்காரர்களுக்கு எச்சரிக்கை, எழுதி வாங்கிக்கொள்ளல். மாத்திரை என்று எழுதின இருவரிடமும், ஒன்றும் சொல்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் சான்றிதழில் நல்லொழுக்கம் என்றே போட்டுத் தருகிறோம் என்றார்கள். சுப்பண்ணன் தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், லுங்கியில் இலைச்சாறு கறை, நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. மகளைப் பார்த்து வீட்டில் பேசுகிற கன்னடத்தில் ஏதோ கேட்டார். அப்புறம் என்னிடம் திரும்பி, “ஏனுங் டீச்சர், உங்களுக்கு மூணு மாசமாத் தெரியுமுங்களா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் பாத்துக்க மாட்டனுங்களா, இத்தனை பேரு முன்னால வெச்சுச் சொல்றீங்களே” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சைத்ரா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மேசை மேல் விரித்து வைத்திருந்தது, என் கையெழுத்து. கூட்டம் முடிந்து ஷ்ரவ்யா என்னருகே வந்து, “நீங்க குடுத்திருக்கக் கூடாதுங்க மேடம்” என்று மெதுவாகச் சொன்னாள், அதோடு சரி, மறுவாரத்திலிருந்து அவள் வரவில்லை. அறக்கட்டளை வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னது, யாரும் வரவில்லை, பள்ளியும் கேட்கவில்லை.

சைத்ராவை வேறு பள்ளியில் சேர்க்க முயன்றார்கள், வருஷத்தின் நடுவில் எதற்கு டி.சி. என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு அவள் அப்பாவோடு இலைக்கட்டு வேலைக்குப் போகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். நாம் போனால் அவர்களுக்குத்தான் சங்கடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இதுவும் ஒரு சாக்குத்தான். நவம்பர் கடைசியில் ஒரு மதியம், இலை கட்டி லாரியில் ஏற்றுகிற கொட்டகையில் அவளுக்கு வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். நிறுத்தியிருந்த பிள்ளை, பழையபடி பழைய அளவில் போட்டிருக்கிறாள், உடம்பு தாங்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் முதலுதவி செய்து கோவைக்கு அனுப்பினார்கள், நாலு நாள் தீவிர சிகிச்சை. இது எனக்குத் தெரிந்ததே அவளோடு சேர்ந்து டி.சி. வாங்கிக்கொண்டு போன பவன் ரயில்வே ஸ்டேஷனில் என்னைப் பார்த்துச் சொன்னபோதுதான். “மிஸ், சைத்ரா ஜி.எச்.ல இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா” என்று கேட்டான். வணக்கம் வைத்துவிட்டுப் போனான், அந்த வணக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காரமடையிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுப்பண்ணன் வேலைக்குப் போயிருந்தார், அவள் அம்மா என்னைப் பார்த்து வாங்க என்று மட்டும் சொல்லி டீ வைக்க உள்ளே போய்விட்டாள். அந்த நிலையிலும் வாங்க என்று சொல்லி டீ வைக்கிறார்கள் பார், நம் ஊர் மரியாதை சில நேரம் அடியைவிட வலிக்கிறது. சைத்ரா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், இளைத்துப்போய், பேச்சு நிதானமாகத்தான் வருகிறது, டாக்டர் போகப் போகச் சரியாகும் என்கிறாராம். நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொன்னேன், மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். அப்புறம், “எனக்கு டி.சி. குடுத்ததுகூடப் பரவால்லீங் மிஸ். நீங்க கேட்டீங்கன்னுதான் சொன்னனுங்க. வேற ஆராச்சும் கேட்டிருந்தா இல்லைன்னு போட்டுட்டுப் போயிருப்பேன், இந்நேரம் பிளஸ் ஒன் படிச்சிட்டிருப்பேன்” என்றாள். டீ ஆறிவிட்டது, குடித்துவிட்டு எழுந்தேன். டம்ளரை வாங்கிக்கொள்ளும்போது அவள் அம்மா, “இனி வராதீங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க, பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்தாலே புள்ள அப்பறம் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டீங்குது” என்றாள். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஷ்ரவ்யாவுக்குப் போன் பண்ணினேன், எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறாள், வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போகிறாள், யாரும் சொல்லாமலே. அதைக் கேட்டு நிம்மதியும் வந்தது, வெட்கமும் வந்தது.

இனிமேல்தான் அந்தக் கேடயத்தின் கதை. திட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஜனவரி எட்டாம் தேதி அதே தாளை அதே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை எண்ணும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், யார் என்று எனக்கே தெரியப் போவதில்லை என்று சொன்னேன். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜூலையில் அரை மணி நேரம் யோசித்து யோசித்து எழுதினவர்கள், இரண்டு நிமிஷத்தில் எழுதி மடக்கிக் கொடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பிள்ளை நான் தாள் கொடுப்பதற்கு முன்பே பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்து திருத்தினேன். இல்லை, இல்லை, இல்லை என்று ஆறு கேள்விக்கும் ஒரே நேர்கோட்டில் டிக். பொட்டலத்தை விடாத பிள்ளைகள் யார் என்று எனக்குத் தெரியும், கழிப்பறைச் சுவரில் கறை இருக்கிறது, கூட்டுகிற அம்மா தினமும் காலிப் பொட்டலங்களை வாரிக் கொட்டுகிறாள். ஆனாலும் இருநூற்றுப் பதின்மூன்று தாளில் ‘இல்லை’. மொத்தம் இருநூற்றுப் பதினாலு. ஒரு தாளில் மட்டும் ஒன்றுமே போடவில்லை. முதல் கேள்விக்கு நேராகப் பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி, அவ்வளவுதான், மற்றதெல்லாம் காலி. பொய் சொல்லவும் மனமில்லாமல், உண்மை சொல்லவும் பயந்து அப்படியே மடக்கிக் கொடுத்திருக்கிறது அந்தப் பிள்ளை. அது ஆணா பெண்ணா, எந்த வகுப்பு என்றுகூட எனக்குத் தெரியாது. தாள்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து வைத்தது நான்தான்.

ராமாமணியிடம் கொண்டுபோய்க் காட்டி, இந்த முடிவை வெளியே சொல்லாதீர்கள், பிள்ளைகள் பயந்து எழுதினது இது என்றேன். “பேப்பர்ல அப்படித்தானுங்களே இருக்குது பானு, நாமளா சொல்றோம்” என்றார். அந்தக் காலித் தாளை எடுத்துப் பார்த்தார், இது மறந்துபோய் விட்டதாக இருக்கும் என்று சொல்லித் தன் பச்சை மைப் பேனாவால் ஆறு கேள்விக்கும் இல்லை என்று டிக் போட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லக் கை நீட்டினேன், பாதியில் இழுத்துக்கொண்டேன். பொங்கல் விடுமுறை முடிவதற்குள் பேனர் அடித்து வந்துவிட்டது. குடியரசு தினத்தன்று மேடைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். யார் அந்தக் காலித் தாள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் போட்டோ எடுத்தது. நீ சொன்னாயே, அம்மா முகத்தில் எவ்வளவு சிரத்தை பார் என்று. மறுநாள் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனேன், ராமாமணி அன்றைக்கு லீவு, வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அத்தாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை, அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு மதியம் சாப்பிட்டபிறகு இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டப் போகிறேன்.

நீ என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் எனக்கு வேறு வழியில்லை என்று மட்டும் சொல்லாதே, வழி இருந்தது. மே மாதத்துக்குள் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. சைத்ரா பிளஸ் ஒன் தனித்தேர்வராக எழுத என்னென்ன வேண்டும் என்று விசாரித்து எல்லாவற்றையும் ஷ்ரவ்யா கையில் கொடுத்திருக்கிறேன், நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதுவாளோ என்னமோ, புத்தகத்தை எடுத்தால் பத்து வரிக்கு மேல் ஓடவில்லையாம். அந்தக் காலித் தாளுக்காகப் பொங்கல் முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் போய், மதியம் நான் ஆய்வகத்தில்தான் டிபன் சாப்பிடுவேன், நோட்டுக் கிடையாது, தாள் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம், வந்து பேசாமல்கூட உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னேன். கதவைத் திறந்தே வைத்துச் சாப்பிடுகிறேன். பத்து நாளாயிற்று, இன்னும் யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ரைஹானுக்கு ஆறு வயது முடியப் போகிறது, இதெல்லாம் இப்போது எதற்கு என்று நினைக்காதே. வளர்ந்தபிறகு ஒருநாள் அவன் உன்னிடம் எதையாவது வந்து சொன்னால், முதலில் அவனுக்குச் சாப்பிடக் கொடு, பக்கத்தில் உட்கார், அன்றைக்கு யாருக்கும் போன் பண்ணாதே, மாப்பிள்ளையிடம்கூட அவனைக் கேட்டுவிட்டுச் சொல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நோன்பு வரப் போகிறது, டூட்டியில் நின்றுகொண்டு விடியலுக்கு முன் சஹர் சாப்பிடாமல் நோன்பு வைக்காதே, பேரீச்சம்பழமாவது தின்றுவிட்டு வை. உன் துஆவில் என்னைச் சேர்க்கும்போது அந்தப் பிள்ளையின் பேரையும் சேர்த்துக்கொள், சைத்ரா, சுப்பண்ணன் மகள். படைத்தவன் உங்கள் மூவரையும் கண்ணிமை போலக் காக்கட்டும், உன் கையால் தொடுகிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ ஷிப்டுக்குக் கிளம்பும்போது எனக்குப் போன் பண்ணுவாயே, இங்கே அப்போது மதியம் பன்னிரண்டே முக்கால். பள்ளி நாளில் இனி அந்த நேரத்துக்குப் பண்ணாதே கண்ணு, சாயங்காலம் ரயிலில் இருக்கும்போது பண்ணு. மதியம் நான் போனை அணைத்து வைத்திருப்பேன். யாராவது வந்து வாசலில் நின்றால், அந்த நேரம் பார்த்து மணி அடிக்கக் கூடாது.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
சி. சாயிரா பானு